கருவிக்குத் தமிழ் தெரியாதா?

சித்தூரை அடுத்து, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கிராமங்களில் விடியற்காலையில் பால் ஊற்றும் இடத்தில் இப்போது பேச்சுச் சத்தம் குறைந்துவிட்டது. முன்பெல்லாம் அளவு பற்றியும் டிகிரி பற்றியும் தினம் ஒரு வாக்குவாதம் நடக்கும். இப்போது பாத்திரத்தைத் தராசின் மேல் வைத்தால் எடை தானாக விழுகிறது. கொஞ்சம் பாலை ஒரு சிறு குழாய் உறிஞ்சிக்கொள்கிறது. சற்று நேரத்தில் கொழுப்பு எவ்வளவு, மற்ற சத்து எவ்வளவு, விலை எவ்வளவு என்று சிவப்பு எண்களில் காட்டி, ஒரு துண்டுச் சீட்டையும் கருவி நீட்டிவிடுகிறது. அதே கணக்கு ஒரு சிம் கார்டு வழியாகப் பால் கம்பெனியின் அலுவலகத்துக்கும் போய்ச் சேருகிறது.

"அக்கா, இன்னிக்கு மூணு புள்ளி நாலு."

"நேத்து நாலு இருந்துச்சே தம்பி. அதே மாடு, அதே தீவனம்."

"நான் என்ன பண்ணட்டும்? மிஷின் சொல்லுது."

அத்துடன் பேச்சு முடிந்துவிடுகிறது. சீட்டில் இருப்பவை ஆங்கில எழுத்துகள். அந்த அம்மாள் வீட்டில் பேசுவது தமிழ். கடைத்தெருவில் தெலுங்கும் பேசுவார். எழுத்து என்று பார்த்தால் தம் கையெழுத்து மட்டும்தான். சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு போகிறார். லிட்டருக்கு ஒரே ஒரு ரூபாய் குறைந்தாலும், வேளைக்கு 5 லிட்டர் ஊற்றுகிறவருக்கு மாதம் 300 ரூபாய் குறையும். சிறு குடும்பத்துக்கு அது சிறிய தொகையன்று.

'பொருள்களின் இணையம்' என்று படித்தவர்கள் பெரிய பெயரிட்டு அழைப்பதெல்லாம் இந்தப் பால் கருவி போன்றவற்றைத்தான். மனிதர்கள் இணையத்தில் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டது போக, தராசும் மீட்டரும் பம்புசெட்டும் காமிராவும் தாமாகவே செய்தி அனுப்பிக்கொள்ளும் ஏற்பாடு இது. பெயரைச் சூட்டியவர் கெவின் ஆஷ்டன் என்ற ஆங்கிலேயர், ஆண்டு 1999. கடைச் சரக்குகளில் சிறு வானொலிச் சில்லுகளை ஒட்டிவிட்டால் அலமாரியில் எது தீர்ந்தது என்று கம்ப்யூட்டருக்குத் தானே தெரிந்துவிடும் என்பது அவர் சொன்ன யோசனை.

ரயில்வேயில் வேலை செய்கிறவர்களுக்கு இது முழுக்கப் புதுமையாகத் தோன்றாது. ஒற்றைப் பாதையில் அடுத்தடுத்த இரண்டு ஸ்டேஷன்களின் டோக்கன் கருவிகள் கம்பி வழியே ஒன்றோடொன்று இணைந்திருக்கும். ஒரு கருவியிலிருந்து டோக்கன் வெளியே வந்துவிட்டால், அதைத் திரும்பப் போடும் வரை மற்றக் கருவி இன்னொன்றைக் கொடுக்காது. மனிதன் கெஞ்சினாலும் கொடுக்காது. இரண்டு பொருள்கள் தமக்குள் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்ததால்தான் எதிரெதிரே ரயில்கள் மோதாமல் இருந்தன. காட்பாடி - பாகாலா - திருப்பதி மார்க்கம் ஒற்றைப் பாதையாக அமைந்ததுதான். அதன் 104 கிலோமீட்டரையும் இரட்டைப் பாதையாக்க மத்திய அமைச்சரவை 2025 ஏப்ரலில் 1,332 கோடி ரூபாய் மதிப்பில் ஒப்புதல் தந்தது. இந்த வட்டாரம் வெகுகாலம் காத்திருந்த செய்தி அது.

ரயில்வேயிலும் காலம் மாறிவிட்டது. வண்டி எத்தனை மணிக்குக் கடந்தது என்று ஸ்டேஷன் மாஸ்டர் டெலிபோனில் சொல்ல, கண்ட்ரோலில் உட்கார்ந்திருப்பவர் பென்சிலால் வரைபடத்தில் கோடு இழுத்த காலம் ஒன்று இருந்தது. இப்போது இஸ்ரோவுடன் சேர்ந்து உருவாக்கிய கருவியை எஞ்சின்களில் பொருத்தி வருகிறார்கள். தான் எங்கே இருக்கிறோம் என்பதை எஞ்சினே 30 விநாடிக்கு ஒரு முறை செயற்கைக்கோள் துணையோடு தெரிவித்துவிடுகிறது.

வளர்ந்தது எப்படி?

அன்று இரண்டு ஸ்டேஷன்களுக்கு இடையே இருந்த ஏற்பாடு இன்று பால் சென்டர் வரை வந்ததற்குக் காரணம், இதற்கு வேண்டிய துணைப் பொருள்கள் எல்லாம் மலிந்ததே. வெப்பம், எடை, ஈரம், அசைவு ஆகியவற்றை உணரும் சென்சார்கள் மலிந்தன. சிந்திக்கும் சில்லு மலிந்தது. செல்போன் கோபுரம் குக்கிராமத்துக்கும் வந்தது. பழைய இணைய முகவரி முறையில் ஏறத்தாழ 430 கோடி முகவரிகளே உண்டு. உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துபோயிற்று. அடுத்து வந்த ஆறாம் பதிப்பு முறையில் மணலுக்கும் தூசிக்கும் முகவரி கொடுத்தாலும் மிச்சம் இருக்கும். நம் நாட்டிலேயே மனிதர்களின் செல்போன் எண் 10 இலக்கமாக இருக்க, கருவிகளுக்கான புதிய இணைப்புகளுக்கு 2018 ஜூலை முதல் 13 இலக்க எண் என்று தொலைத்தொடர்புத் துறை முடிவு செய்தது. எண்ணிக்கையில் மனிதரைக் கருவி முந்தப்போகிறது என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்டது போலத்தான்.

சித்தூர், திருப்பதி வட்டாரம் இந்த வளர்ச்சியை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கவில்லை. 2020க்குள் மாநிலத்தை இத்துறையின் மையமாக்குவது என்று ஆந்திர அமைச்சரவை 2016 மார்ச்சில் தனிக் கொள்கையே வகுத்தது. ஆண்டும் கடந்தது, கொள்கையின் காலமும் முடிந்தது, அறிவித்தபடியெல்லாம் நடந்துவிடவில்லை. ஆனால் தொழிற்சாலைகள் வந்தன. சத்தியவேடு அருகே ஸ்ரீசிட்டியில் பாக்ஸ்கான் நிறுவனம் 2015இல் ஷவ்மி செல்போன்களைத் தயாரிக்கத் தொடங்கியது. அங்கேயே எல்.ஜி. நிறுவனம் 5,000 கோடி ரூபாய்ச் செலவில் எழுப்பும் ஆலைக்கு 2025 மே மாதம் அடிக்கல் நாட்டப்பட்டது. திருப்பதியில் டிக்சன் நிறுவனம் தொலைக்காட்சிப் பெட்டிகளைத் தயாரிக்கிறது. 2015இல் தொடங்கிய திருப்பதி ஐ.ஐ.டி.யில், ஒரு பொருள் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைத் துல்லியமாகக் கண்டறியும் தொழில்நுட்பங்களுக்கென்றே மத்திய அரசின் உதவியுடன் ஒரு மையம் நடக்கிறது.

அலிபிரியில் திருமலைக்கு ஏறும் வண்டிகளுக்கு 2025 ஆகஸ்டு 15 முதல் பாஸ்டாக் கட்டாயம் என்று தேவஸ்தானம் அறிவித்தது. கண்ணாடியில் ஒட்டிய அந்தச் சீட்டுக்குள் பேட்டரி கிடையாது. வாசலில் உள்ள கருவி அனுப்பும் வானொலி அலையிலிருந்தே சக்தியைப் பெற்றுக்கொண்டு தன் எண்ணைச் சொல்கிறது. ஆஷ்டன் 1999இல் சொன்ன சரக்குச் சில்லு இதேதான். 2025 ஜனவரி 8 இரவு, வைகுண்ட ஏகாதசி டோக்கன் வாங்கத் திருப்பதியில் கூடிய நெரிசலில் 6 பேர் உயிரிழந்த கொடுமையை யாரும் மறக்க முடியாது. தமிழ்நாட்டிலிருந்து வந்த பெண்ணும் அவர்களில் ஒருவர். அதே ஆண்டு செப்டம்பரில், காமிராக்கள் மூலம் கூட்டத்தைக் கணித்துச் சொல்லும் கட்டுப்பாட்டு மையம் திருமலை வைகுண்டம் கியூ வளாகத்தில் திறக்கப்பட்டது. இத்தகைய கருவியை வேண்டாம் என்று சொல்பவன் மூடன்.

கணக்கு யார் கையில்?

ஆகவே கருவி வேண்டுமா, வேண்டாமா என்பது வழக்கன்று. அது சொல்லும் கணக்கை, யாருடைய பாலை அளக்கிறதோ அவர் பார்த்துப் புரிந்துகொள்ள முடிகிறதா என்பதே கேள்வி.

பழைய கெர்பர் முறையை வயதானவர்கள் அறிவார்கள். கண்ணாடிக் குழாயில் 10 மில்லி கந்தக அமிலம், அதன்மேல் 10.75 மில்லி பால், சிறிது அமைல் ஆல்கஹால். மூடிச் சுழற்றினால் கொழுப்பு தனியே பிரிந்து குழாயின் கழுத்தில் நிற்கும். எவ்வளவு நிற்கிறது என்று எழுதப் படிக்கத் தெரியாதவரும் கண்ணால் பார்க்கலாம். சண்டையும் போடலாம். நேரம் பிடிக்கும், அமிலம் கையைச் சுடும் என்பதெல்லாம் உண்மை. ஆனால் கணக்கு எல்லோர் கண்ணெதிரிலும் நடந்தது.

இன்றைய கருவிகளில் பல, பாலுக்குள் செவிக்கு எட்டாத ஒலியைச் செலுத்தி, அது கடக்கும் வேகத்தைக் கொண்டு கொழுப்பைக் கணிக்கின்றன. பாலில் காற்றுக்குமிழி இருந்தால் கணிப்பு தவறும். குழாயைச் சரியாகக் கழுவாவிட்டால் தவறும். அவ்வப்போது சரிபார்த்துத் திருத்தாவிட்டால் தவறும். தவறு யார் பக்கம் என்று அந்த அம்மாளால் கேட்கவே முடியாது. சென்டர்காரரைக் குறை சொல்வதிலும் பொருளில்லை. அவருக்கும் மிஷின் சொல்வதுதான் தெரியும்.

மின்சார மீட்டரும் இதே வரிசையில் வருகிறது. 2021இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தின்படி நாடு முழுவதும் 25 கோடி ஸ்மார்ட் மீட்டர் பொருத்துவது குறிக்கோள். ஆள் வந்து கணக்கெடுக்க வேண்டியதில்லை. சில நிமிட இடைவெளிகளில் மீட்டரே குறித்து அனுப்பிவிடும். முன்பணம் தீர்ந்தால் தூரத்திலிருந்தே இணைப்பைத் துண்டிக்கவும் முடியும். பம்புசெட்டுக்கு மீட்டர் என்றதும் ஆந்திர விவசாயிகள் எழுப்பிய எதிர்ப்பை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இலவச மின்சாரம் போய்விடுமோ என்ற அச்சம் அதில் பாதி. மறுபாதி, பூட்டிய பெட்டிக்குள் யாரோ எழுதும் கணக்கின் மேல் உள்ள அச்சம். ஆழ்குழாய்க் கிணற்றை நம்பி மாவும் தக்காளியும் போடுகிற பூமி இது. இங்கே தண்ணீர்க் கணக்கும் மின்சாரக் கணக்கும் வயிற்றுக் கணக்குதான்.

"இது ஆந்திரம், தெலுங்கு ஆட்சிமொழி, தமிழில் வேண்டும் என்று கேட்பது நியாயமா?" என்று சிலர் கேட்கலாம். சீட்டு தெலுங்கில் இருந்தால் அந்தக் கேள்விக்கு மதிப்புண்டு. ஆங்கிலத்தில் அச்சாகி வரும் சீட்டு, பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரருக்கும் உதவுவதில்லை. இதில் இரு மொழிக்காரர்களும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நகரி, புத்தூர், குப்பம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் தமிழைப் பேசத் தெரிந்து, படிக்கத் தெரியாத பிள்ளைகள் பலர். அவர்கள் படித்தது தெலுங்குப் பள்ளிக்கூடத்தில். எனவே தமிழ் எழுத்தில் அச்சடித்தாலும் பாதிக் காரியம்தான் ஆகும். கருவி வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

அது முடியுமா என்று கேட்க வேண்டியதில்லை. எந்த டீக்கடையிலும் கல்லாப்பெட்டி அருகே ஒரு சிறிய ஒலிப்பெட்டி இருக்கிறது. செல்போனில் யாராவது காசு அனுப்பியதும், இத்தனை ரூபாய் வந்தது என்று உரக்கச் சொல்கிறது. அதற்குள்ளும் ஒரு சிம் கார்டு உண்டு. அதுவும் பொருள்களின் இணையத்தைச் சேர்ந்த பொருளே. தெலுங்கில் சொல்லச் சொன்னால் தெலுங்கில் சொல்லும், தமிழில் சொல்லச் சொன்னால் தமிழில் சொல்லும். கடைக்காரர் ஏமாந்துவிடக் கூடாது என்று வியாபாரப் போட்டியில் கம்பெனிகள் தாமாகவே செய்துகொடுத்த வசதி இது. 15 ரூபாய் டீக்கு உள்ள மரியாதை, அந்த டீயில் கலந்த பாலைக் கறந்தவருக்கு இல்லை.

திருமலையிலும் அறிவிப்புகள் தமிழில் உண்டு. வருகிற பக்தர் வழி தெரியாமல் நிற்கக் கூடாது என்று தேவஸ்தானம் நெடுங்காலமாகச் செய்துவரும் ஏற்பாடு அது. மலைமேல் நடக்கிற காரியம் மலையடியில் நடக்காததற்குத் தொழில்நுட்பத்தைக் காரணம் காட்ட முடியாது.

சட்டமும் இந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவருடைய விவரங்களைச் சேகரிக்க ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை, அவர் விரும்பினால் அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் எதிலும் படிக்கும் வசதி தர வேண்டும் என்கிறது. தமிழ் அதில் உண்டு. மாநில எல்லை பற்றிய பேச்சே அந்த விதியில் இல்லை. விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன. நிறுவனங்கள் முழுமையாக நடைமுறைப்படுத்த 18 மாத அவகாசம் உண்டு. பால் சீட்டை இச்சட்டம் நேரடியாகத் தொடுவதில்லை என்பது உண்மையே. ஆயினும் விவரத்தை எடுப்பவன், கொடுப்பவனுக்குப் புரியும் மொழியில் பேச வேண்டும் என்ற கொள்கையைப் பாராளுமன்றம் ஏற்றாகிவிட்டது. விவரம் எடுக்கும்போது ஒரு மொழி, விலை சொல்லும்போது வேறு மொழியா?

புரியாத கருவி ஆபத்தான கருவியும்கூட. 2016 அக்டோபரில் அமெரிக்காவில் பெரிய இணையதளங்கள் பல மணி நேரம் முடங்கின. காரணம், வீடுகளிலும் கடைகளிலும் மாட்டியிருந்த சாதாரணக் காமிராக்கள். தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை யாரும் மாற்றாததால், கெட்டவர்கள் அவற்றைக் கூட்டமாகக் கைப்பற்றி ஏவிவிட்டார்கள். மாற்ற வேண்டும் என்று வாங்கியவர்களுக்குத் தெரியவில்லை. பெட்டிக்குள் இருந்த குறிப்பை யார் படித்தார்கள்? சித்தூர் கடைத்தெருவில் இன்று காமிரா வாங்குகிறவரும் அந்தக் காகிதத்தைப் பெட்டியோடு குப்பையில் போடுகிறார், படிக்க முடியாத எழுத்தில் இருப்பதால்.

கேட்பது அதிகமில்லை. எடை, கொழுப்பு, விலை என்ற மூன்றையும் ஊற்றுகிறவரின் மொழியில் கருவி உரக்கச் சொல்ல வேண்டும். கடைசியாக எந்தத் தேதியில் சரிபார்க்கப்பட்டது என்பதைக் கருவியின் மேல் தெலுங்கிலும் தமிழிலும் எழுதி ஒட்ட வேண்டும். சந்தேகப்பட்டால் அங்கேயே கெர்பர் குழாயில் மறு சோதனை கேட்கும் உரிமை வேண்டும். ஸ்மார்ட் மீட்டர் அனுப்பும் குறுஞ்செய்தியும் வாடிக்கையாளர் கேட்கும் மொழியில் வர வேண்டும்.

சித்தூரிலும் திருப்பதியிலும் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் குறைதீர்க்கும் நாளில் மனு வாங்குகிறார்கள். குறை தீர்க்கக் கொடுக்கும் மனுவை நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்று அரசியல் சட்டத்தின் 350ஆவது பிரிவு சொல்கிறது. பால் சீட்டுகளை ஒரு மாதம் சேர்த்து வைத்து, தமிழில் எழுதிய மனுவோடு இணைத்துக் கொடுத்தால் வாங்க மறுக்க யாருக்கும் அதிகாரமில்லை.