கடலோர மனை



ஓய்வு பெற்றபின் தரங்கம்பாடியில் பழைய ஓட்டு வீடு ஒன்றை வாங்கிக் குடியிருக்கிறேன். கடலோர மனைக்கு ஆசைப்படுவோர் பட்டா, வில்லங்கச் சான்று மட்டும் பார்த்தால் போதாது. கரையோரக் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தும் கடலோர ஒழுங்குமுறை மண்டல வரைபடத்தில் மனை எங்கே விழுகிறது என்றும் பார்க்க வேண்டும். எனக்கு முதலில் மனை காட்டிய தரகர் அதைப் பற்றி மூச்சே விடவில்லை. காகிதமெல்லாம் சரியாக இருந்தாலும், உப்புக் காற்று ஜன்னல் கம்பியை முதலில் தின்னும். பிறகு கான்கிரீட்டுக்குள் புகுந்து உள்ளிருக்கும் கம்பியைத் துருவேற்ற, அது பருத்துக் கூரையைப் பிளக்கும். சுண்ணாம்புச் சுவருக்கு அந்தத் தொல்லை இல்லை. இங்குள்ள 14ஆம் நூற்றாண்டு மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மனை பார்க்க வருபவர்கள் முதலில் அங்கே போய்விட்டு வரட்டும்.

- ஒரு வாசகர், தரங்கம்பாடி