மணல் போகும் முன் எழுந்து வாருங்கள்!

தோழர்களே!

கிள்ளியூர் தாலுகாவில் 1,144 ஹெக்டேர். கீழ்மிடாலம், மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு. இந்த ஊர்களின் மணலை அள்ள ஐஆர்இஎல் நிறுவனம் திட்டம் போட்டிருக்கிறது. மணலுக்குள் மோனசைட் என்ற கனிமம். மோனசைட்டுக்குள் நியோடிமியம் என்ற அரிய மண் உலோகம். கூடவே கதிரியக்கத் தோரியம். காந்தம் செய்ய ஒன்றை எடுத்துக்கொண்டு போவார்கள். மற்றது யார் தலையில் விடியும்?

பேசுங்கள். இப்போதே பேசுங்கள்.

2024 அக்டோபரில் நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிப்போனது. 2025 செப்டம்பர் 8 அன்று ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு குறிப்பாணை போட்டது: அணுக் கனிமச் சுரங்கத்துக்கு மக்களிடம் கேட்கவே வேண்டாம்! திரும்பப் பெறுங்கள் என்று தமிழ்நாட்டு முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். நல்லது. கடிதம் அவர் வேலை. தெரு நம் வேலை.

நாட்டுக்கு அவசரம் என்கிறார்கள். 2025 ஏப்ரலில் சீனா அரிய மண் உலோக ஏற்றுமதிக்குக் கடிவாளம் போட்டதும் நம் வாகன ஆலைகள் காந்தத்துக்குத் திண்டாடியது உண்மைதான். அரிய மண் உலோகமே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எடுக்கிற முறையை மாற்று என்கிறோம். மலிவு மலிவு என்று அவர்கள் போடுகிற கணக்கில் நம் கிணற்றுக்கும் நம் பிள்ளைகளுக்கும் விலையே கிடையாது. அந்தக் கணக்கைக் கிழித்துப் போடு என்கிறோம்!

மியான்மரின் கச்சின் மலைகளைப் பாருங்கள். அரிய மண்ணை எடுக்க, மேலே துளை போட்டு அம்மோனியம் சல்பேட் கரைசலை இறக்குகிறார்கள். மலை முழுக்க ஊறி, அடிவாரத்தில் தார்ப்பாய் விரித்த தொட்டிகளில் அது வடிகிறது. காடு போயிற்று. ஓடை போயிற்று. தென்சீனத்து மண்ணை இதே முறை கெடுத்தது. அங்கே கெடுபிடி வந்ததும் வேலை எல்லை தாண்டி ஏழை மலைக்கு வந்தது. தாது மட்டும் பத்திரமாகச் சீனாவுக்கே திரும்பிப் போகிறது. கேட்க நாதியற்ற இடம் பார்த்துத்தான் நஞ்சு வரும், தோழர்களே. நாம் நாதியற்றவர்களா?

புக்கிட் மேரா மக்களிடம் கேளுங்கள். மலேசியாவின் பேராக் மாநிலம். அங்கும் இதே மோனசைட். இதே தோரியக் கழிவு. ஊர் நீதிமன்றம் போனது. 1992இல் ஈப்போ உயர் நீதிமன்றம் அந்த அரிய மண் ஆலையை மூடச் சொன்னது. 1993இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைக் கவிழ்த்தது. தோற்றார்கள். வீட்டுக்குப் போகவில்லை. 1994இல் ஆலை தானாக மூடிக்கொண்டது!

வேறு வழி இருக்கிறதா என்று மடக்குவார்கள். இருக்கிறது என்று உரக்கச் சொல்லுங்கள்!

பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பிறை போல வளைந்த ஒரு வெள்ளித் துண்டு. ஸ்க்ரூ டிரைவரைக் கவ்வினால் விடாது. அதுதான் நியோடிமியம் காந்தம். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் அதை ஹைட்ரஜன் வாயுவில் வைக்கிறார்கள். காந்தம் தானே பொடியாக உதிர்கிறது. அந்தப் பொடியில் மறுபடி காந்தம். சுரங்கம் இல்லை. தோரியம் இல்லை. அமெரிக்காவின் ஏம்ஸ் ஆய்வகம் அமிலத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு, செப்பு உப்புக் கரைசலிலேயே காந்தத்தைக் கரைக்கிறது. அரிய மண் அயனிகளை மட்டும் பொறுக்கி எடுக்கும் ஒரு பாக்டீரியாப் புரதத்தைப் பென்சில்வேனியாவில் 2018இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். லான்மோடுலின் என்று பெயர்.

சீன ஆய்வாளர்கள் மண்ணில் மின்சாரம் பாய்ச்சி உலோகத்தை நகர்த்துகிறார்கள். கரைசல் பயன்பாடு 80 சதவீதம் குறைகிறதாம். ஆனால் அது களிமண் படிவுக்கு உள்ள வழி. கடற்கரை மோனசைட்டுக்குச் செல்லாது. மோனசைட்டை உடைத்தால் தோரியம் வந்தே தீரும். இதைத் தெரிந்துகொண்டு பேசுங்கள், இல்லாவிட்டால் மேடையில் மடக்கிவிடுவார்கள்.

பழைய காந்தம் போதாது என்பார்கள். எவ்வளவு போதும், எவ்வளவு போதாது? முதலில் கணக்கைக் காட்டட்டும்! காந்த ஆலைகளுக்கு ஒன்றிய அரசு ஒதுக்கியது 7,280 கோடி ரூபாய். மறுசுழற்சிக்கு 1,500 கோடி, அதுவும் பேட்டரி முதல் எல்லாவற்றுக்கும் சேர்த்து. ஏன் இந்த ஓரவஞ்சனை? கேளுங்கள்.

மறுசுழற்சி என்றாலே சுத்தம் என்று ஏமாறவும் வேண்டாம். டெல்லி சீலம்பூரில் வெறுங்கையால் மின்கழிவு உடைப்பவரும் நம் தோழர். அவருக்குக் கையுறையும் நியாயமான கூலியும் இல்லாத தொழிலை நாம் ஏற்க மாட்டோம்.

மணவாளக்குறிச்சி மணல் ஆலைத் தோழர்களே! உங்கள் வேலைக்கு நாங்கள் எதிரி இல்லை. காந்தத்தைப் பிரிக்கும் சுத்தமான ஆலை வந்தால் முதல் வேலை உங்களுக்குத்தான் என்று சேர்ந்து கேட்போம். ஆலைக்குள் என்ன நடக்கிறது என்று அறிந்தவர்கள் நீங்கள். வாய் மூடி இருக்காதீர்கள்.

மீனவத் தோழர்களே, பொறியியல் மாணவர்களே, ஆசிரியர்களே! யாராவது பேசுவார்கள் என்று இருந்துவிடாதீர்கள். அந்த யாராவது நாம்தான். இன்று பேசாவிட்டால், ஊரே சம்மதித்தது என்று நாளை எழுதிக்கொள்வார்கள்.

கருத்துக்கேட்பே வேண்டாம் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். கிராம சபை நம் கையில் இருக்கிறது. அடுத்த கிராம சபைக்கு வாருங்கள். வீட்டுக்கு ஒருவர் வாருங்கள். மக்களைக் கேட்காமல் மணலில் கை வைக்காதே என்று தீர்மானம் கொண்டுவாருங்கள். பதிவேட்டில் ஏறும்வரை, கையெழுத்து விழும்வரை, ஒருவரும் இடத்தை விட்டு எழுந்திருக்காதீர்கள்!