மேச்சேரி ஆடும் பதினெட்டுக் குழியும்

"நாமக்கல் பக்கம் ஒரு பொது கோல்ஃப் மைதானம் வந்தா என்னடா தப்பு?" என்றான் கூடப் படித்த நண்பன். தில்லி லாடோ சராயில் டிடிஏ நடத்துகிற குதுப் மைதானத்தை உதாரணம் காட்டினான். காசு கட்டினால் யாரும் ஆடலாம், அதனால் அது பொது. அவ்வளவுதானாம்.

இந்த ஆட்டத்தின் தாய்வீடு ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ். கடலுக்கும் வயலுக்கும் நடுவே, ஏர் ஓட்ட லாயக்கில்லாத மணல்மேடு. காற்றுக்கு ஒதுங்கிய ஆடுகள் பறித்த பள்ளம்தான் பிற்பாடு 'பங்கர்' ஆனது என்பார்கள். அங்கே பழைய மைதானத்தில் இன்றும் ஞாயிற்றுக்கிழமை வழக்கமாக ஆட்டம் கிடையாது. ஊர்சனம் நாயைக் கூட்டிக்கொண்டு அந்தப் புல்லில் நடக்கிறது. பொது என்றால் அது.

இங்கே? பதினெட்டுக் குழிக்கு நூறு ஏக்கருக்கு மேல் வேண்டும். மரவள்ளியும் கடலையும் சோளமும் விளைகிற செம்மண்ணைப் புரட்டி மேடு பள்ளம் செய்யணும். ஆயிரம் அடி போர் போட்டும் புழுதி பறக்கிற பூமியில், சித்திரை வெயிலிலும் புல் பச்சையாக நிற்கணும். போர் வண்டிகளுக்கே பேர்போன திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதை விளக்க வேறு வேண்டியிருக்கிறது! ஊர் மந்தையும் மேய்ச்சல் புறம்போக்கும்தான் நாம் ஏற்கெனவே வைத்திருந்த பொதுவெளி. அதற்கு யாரும் கட்டணம் வாங்கியதில்லை.

நண்பனிடம் ஒன்றுதான் கேட்டேன்: "ஞாயித்துக்கிழமை மட்டும் மேச்சேரி ஆட்டை உள்ள ஓட்டிட்டு வரலாமா?"

"புல்லு கெட்டுப்போயிருமேடா" என்றான்.