பழைய செல்போனுக்குக் கூலி கொடுப்பது யார்?

படூர்ப் பக்கத்தில் செல்போன் இல்லாத வீடு இன்று அபூர்வம். உயிர்போன செல்போன் ஒன்றிரண்டு அலமாரி மூலையில் கிடக்காத வீடும் அபூர்வந்தான். அதை அப்புறப்படுத்தக் காசு கொடுப்பீர்களா என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் புத்தியைத்தான் சந்தேகிப்பார்கள்! "காயலான் கடைக்காரர் நமக்கல்லவோ கொடுக்கிறார்?" என்பார்கள். வாஸ்தவந்தான். பழைய காகிதத்தையும் பித்தளையையும் விற்றுக் குடும்பம் நடத்தியவர்கள் நாம்.

ஆனால் அந்தச் சில்லறை எங்கிருந்து வருகிறது? உள்ளேயிருக்கும் தாமிரத்திலிருந்தும் துளித் தங்கத்திலிருந்தும் வருகிறது. அதைப் பிரிக்க எங்கோ ஓர் ஏழை, கையுறைகூட இல்லாமல் திராவகத்தில் முக்கி எடுக்கிறான். நாம் கொடுக்காத கட்டணத்தை அவனுடைய சுவாசப்பை கொடுக்கிறது.

ஜப்பானில், 2001-ல் அமுலான சட்டப்படி, பழைய டெலிவிஷனையும் குளிர்பெட்டியையும் கழிப்பவரே கட்டணம் செலுத்துகிறார். நம் தேசத்தில் 2011-ம் வருஷத்து விதிகளே அந்தப் பொறுப்பை உற்பத்தியாளர் தலையில் வைத்துவிட்டன. 2022-ம் வருஷத்து விதிகளும் அப்படியே. உற்பத்தியாளர் என்ன, தரும பிரபுவா? செலவு விலையில் ஏறி நம்மிடமே வந்து சேரும்.

நீலகிரியில் 2022-ல் மதுப் புட்டிக்கு 10 ரூபாய் அதிகம் வாங்கி, காலிப் புட்டியைக் கொணர்ந்தவருக்குத் திருப்பித் தந்தார்கள். பெரும்பாலான புட்டிகள் திரும்பின. (குடிப்பவர்களுக்கே இவ்வளவு ஒழுங்கு!) செல்போனுக்கும் இவ்விதம் முன்பணம் பிடிக்க 2016-ம் வருஷத்து விதிகளிலேயே இடமிருந்தது. தொகை மட்டும் சற்றுக் கனமாக இருக்கவேண்டும். பத்து ரூபாய்க்காக ஒருவரும் அலமாரியைத் திறக்கமாட்டார்கள்.