ஒரு மணி நேரம் தாருங்கள்



கொசத்தலை ஆறு கடலோடு கலக்கும் வாயிலில் அமைந்ததால் முகத்துவாரக்குப்பம் என்னும் பெயர் அவ்வூருக்கு வாய்த்தது. ஆறும் கடலும் அளந்ததை உண்டு வாழ்ந்த ஊர் அது. 2023-ஆம் ஆண்டு டிசம்பரில், மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் சேர்ந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தபோது, படகுகளும் வலைகளும் கறுத்துப் போயின, தொழில் நின்றது. ஆண் கடலுக்குப் போகாத நாளில் மீன்கூடை சுமக்கும் பெண்ணுக்கும் வருவாய் இல்லை. ஒரே நீரை நம்பிய இரு கைகளும் ஒரே நாளில் வெறுங்கைகளாகின்றன. நீரை நம்பாத கைத்தொழில் ஒன்று வீட்டில் இருக்கவேண்டும் என்று எண்ணாத தாய் யார்?

அத்தகைய தொழில்களுள் குறைந்த முதலில் கைகூடுவது தையல். அதனைக் கற்க முன்னாளில் வகுப்பைத் தேடிச் செல்லவேண்டும். கைக்குழந்தை உள்ளவளுக்கு அது எட்டாக்கனி. 2020-ஆம் ஆண்டில் கொரோனா ஊரடங்கின்போது பள்ளிப் பாடங்கள் கைப்பேசி வழியே வீட்டுக்குள் வந்தன. பிள்ளைகளுக்கென வாங்கிய அதே கைப்பேசி இன்று தாய்க்கும் ஆசிரியையாக முடியும். இணையவழித் தையல் வகுப்புகள் தமிழிலேயே கிடைக்கின்றன.

முதற்பாடத்துக்கு ஏற்றது பாவாடை. கழுத்தும் கையும் வளைத்து வெட்டும் தொல்லை அதில் இல்லை, எல்லாம் நேர்க்கோடுகளே. இடுப்பு 24 அங்குலமுள்ள சிறுமிக்கு 28 அங்குல உயரத்தில் பாவாடை தைப்பதாகக் கொள்வோம். கீழ்மடிப்புக்கு 3 அங்குலமும் மேல் தையலுக்கு 1 அங்குலமும் கூட்டி, 36 அங்குல அகலத் துணியில் 32 அங்குலத் துண்டுகள் இரண்டு வெட்டவேண்டும். இரண்டையும் இணைத்தால் சுற்றளவு ஏறத்தாழ 72 அங்குலம், இடுப்பைப்போல் மும்மடங்கு. இரண்டு மீட்டர் துணி எடுத்தால் நாடா கோக்கும் பட்டியும் அதிலேயே அடங்கும். பருத்தித் துணியானால் முதலில் நனைத்து உலர்த்திய பின்னரே வெட்டவேண்டும்; இல்லையேல் முதற்சலவையிலேயே பாவாடை குறுகிவிடும். மேல்விளிம்பில் நீண்ட தையலாக இரண்டு வரிசை ஓட்டி, அடிநூலை மெல்ல இழுத்தால் சுருக்கு விழும். அச்சுருக்கைச் சீராகப் பரப்பிப் பட்டியோடு இணைப்பதில்தான் கைத்திறன் இருக்கிறது.

இணைய வகுப்புக்கு ஒரு பெருமை உண்டு. பத்து முறை நிறுத்தித் திரும்பக் கேட்டாலும் அது முகம் சுளிக்காது. ஆனால் ஒரு குறையும் உண்டு: அது காட்டுமேயன்றித் திருத்தாது. ஆசிரியை நமக்கு எதிரே அமர்ந்து தைத்தால் அவருடைய வலக்கை நம் இடப்பக்கம் தெரியும், புதியவர் மயங்குவர். நூலின் இறுக்கம் மிகுந்து துணி சுருங்கினாலும், இயந்திரத்தைப் பின்னோக்கி மிதித்து நூல் அறுந்தாலும், கைப்பேசி அதனை அறியாது. ஆதலால், தையல் அறிந்த மூத்த தாய் ஒருவர் அண்டை வீட்டில் இருந்தால், வாரம் ஒருமுறையேனும் அவர் அருகிருக்கும்படி வேண்டிக்கொள்ளுங்கள்.

எனினும், பெருந்தடை வேறொன்று. கைப்பேசி பகலெல்லாம் கணவர் சட்டைப்பையில் இருக்கிறது. மாலையில் அது வீடு திரும்பும்போது சமையலும் தண்ணீர்க் குடமும் பிள்ளைகளின் பாடமும் சேர்ந்து நிற்கின்றன. அவள் இயந்திரத்தின் முன் அமர்ந்தாலோ நான்கு பேர் நான்கு திசையிலிருந்து அழைக்கிறார்கள். அளவெடுக்கும்போது கவனம் சிதறினால் கத்தரி பிசகும். பிசகிய தையலைப் பிரித்துத் தைக்கலாம். வெட்டிய துணியை ஒட்டவைக்க முடியுமா? துணி வாங்கித் தருகிறோம், இயந்திரம் வாங்கித் தருகிறோம். இடையூறில்லாத ஒரு மணி நேரத்தைத் தருகிறோமா?

காந்தியடிகள் 1924-ஆம் ஆண்டில் இயந்திரங்களைப் பற்றிப் பேசியபோது, சிங்கர் தையல் இயந்திரத்துக்கு விலக்களித்தார். மனைவி ஓயாமல் கையால் தைத்துத் தளர்வதைக் கண்ட கணவனின் அன்பிலிருந்து அது பிறந்தது என்பது அவர் கூறிய காரணம். மனைவியின் களைப்பைக் காணும் கண் இருந்தால், இன்றும் ஒவ்வொரு வீட்டிலும் ஏதேனும் ஒரு நன்மை பிறக்கும்.

திருத்தூதர் பணிகள் நூலில் தபித்தா என்னும் பெண்மணியைச் சந்திக்கிறோம். யோப்பா என்னும் துறைமுக ஊரில் வாழ்ந்தவர். அவர் இறந்தபோது, கைம்பெண்கள் அவர் செய்து தந்த உடைகளைத் திருத்தூதர் இராயப்பரிடம் காட்டி அழுதார்கள். எவர் பெயரை நம் இராயபுரம் தாங்கி நிற்கிறதோ, அந்த இராயப்பரின் முன்னிலையில் அப்பெண்மணிக்குச் சாட்சி சொன்னவை அவர் கை தந்த உடைகளே.

ஒரு பாவாடை தைத்த மாத்திரத்தில் குடும்பம் செழித்துவிடாது. கடைகளில் ஆயத்த ஆடைகள் மலிவாகக் கிடைக்கும் காலம் இது. ஆயினும், சேலைக்கு ஃபால்ஸ் வைத்தல், ஓரம் அடித்தல், பள்ளிச் சீருடையைப் பிரித்து அளவு கூட்டுதல் போன்ற சிறு வேலைகள் அக்கம்பக்கத்திலேயே கிடைக்கும். ஆதரவற்ற கைம்பெண்கள், கைவிடப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு அரசு, சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் இலவசத் தையல் இயந்திரம் வழங்குகிறது. அதற்குத் தையல் கற்றதற்கான சான்று வேண்டும். ஆதலின், வீட்டில் கை பழகியவர்கள் முறையான பயிற்சி ஒன்றில் சேர்ந்து சான்றிதழும் பெற்றுக்கொள்வது நலம். மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் விவரம் கேட்கலாம்.

குடும்பத் தலைவர்களே, இன்று மாலை கைப்பேசியை மனைவியிடம் கொடுத்துவிட்டு, குழந்தையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகளே, அந்த ஒரு மணி நேரம் அம்மாவை அழைக்காதீர்கள். முதற்பாவாடையின் சுருக்கு ஒருபுறம் தடித்தும் ஒருபுறம் மெலிந்தும் இருந்தால் நகைக்காதீர்கள். அதனை உடுத்திக்கொண்டு தெருவில் நடக்கும் மகளே தாய்க்குத் தரும் முதற்சான்றிதழ்.