மூப்பர் பெஞ்சில் யார்?

பிரெஸ்பிட்டேரியன் சபை என்றால் ஏதோ உபதேச வித்தியாசம் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பேர்லயே விஷயம் இருக்கு. 'பிரெஸ்புத்தெரோஸ்' என்றால் கிரேக்கத்தில் மூப்பர். பேராயர் கிடையாது. சபையார் தேர்ந்தெடுத்த மூப்பர்களும் போதகரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சபையை ஆளவேண்டும். அதற்கு மேலே வட்டார மன்றம், அதற்கும் மேலே பொதுமன்றம். அதிகாரம் யார் கையில் என்ற கேள்விக்கு அவர்கள் சொன்ன பதில் இது. அதை வைத்துத்தான் இந்தச் சபையை நிறுத்துப் பார்க்கவேண்டும். பள்ளிக்கூடம் கட்டினான், ஆஸ்பத்திரி கட்டினான் என்பதெல்லாம் வேறு கணக்கு.

இந்தப் பதிலுக்காக ஸ்காட்லாந்தில் சண்டையே நடந்தது. 1712இல் வந்த சட்டப்படி, ஊர்க்கோயிலுக்குப் போதகர் யார் என்பதைப் பண்ணைக்காரன் சொல்லலாம். 1834இல் ஆக்டெரார்டர் என்ற ஊரில் பிரபு ஒருவர் தன் ஆளைப் போதகராக அனுப்பினார். 330 குடும்பத் தலைவர்களில் 287 பேர் வேண்டாம் என்றார்கள். வரட்டும் என்று கையெழுத்துப் போட்ட சபையார் ரெண்டே பேர். கோர்ட்டு என்ன சொல்லிச்சு? பிரபு பக்கம்தான் தீர்ப்பு. கோர்ட்டு எந்தச் சீமையில் இருந்தால் என்ன!

1843இல் 450க்கும் மேற்பட்ட போதகர்கள் வீட்டையும் சம்பளத்தையும் விட்டு வெளியேறி, சுதந்திர சபை அமைத்தார்கள். பண்ணைகள் சும்மா இருக்குமா? கோயில் கட்ட ஒரு துண்டு நிலம் தரமாட்டோம் என்றார்கள். ஸ்ட்ரான்டியன் ஊர் ஜனங்கள் 1846இல் இரும்பில் கோயில் செய்து கடல்கழியில் மிதக்கவிட்டு, அதில் ஏறி ஜெபம் பண்ணினார்கள். நிலம் மறுக்கப்பட்டவனின் வைராக்கியம் என்னவென்று நமக்குத் தெரியும். அந்த ஜனங்களை மதிக்கிறேன்.

ஆனால் அதே சபை, கோயில் கட்டக் காசு தேடி 1844இல் அமெரிக்காவுக்கு ஆள் அனுப்பியது. தென்மாநிலங்களில் கறுப்பு மக்களை அடிமைகளாக வைத்து வேலை வாங்கிய முதலாளிகளிடம் சுமார் 3,000 பவுண்டு வாங்கி வந்தார்கள். அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்த ஃப்ரெடெரிக் டக்ளஸ் 1846இல் ஸ்காட்லாந்துக்கே வந்து, ஊர் ஊராக மேடையேறி, அந்தப் பணத்தைத் திருப்பி அனுப்பு என்று கேட்டார். சுவரெல்லாம் அந்த வாசகம். கடைசிவரை அனுப்பவில்லை. சபைத் தலைவர் தாமஸ் சால்மர்ஸ் சொன்ன நியாயத்தைத்தான் நாம் கவனிக்கவேண்டும்: அடிமைமுறை கெட்டது, அதற்காக அடிமை வைத்திருக்கிற ஒவ்வொருவரையும் கெட்ட கிறிஸ்தவன் என்று தள்ளிவைக்க முடியாது. எங்கயோ கேட்ட மாதிரி இல்ல? 'சாதி தப்புதாங்க, ஆனா அவர் தங்கமான மனுஷர்.' பண்ணைக்காரனை எதிர்க்கத் தெரிந்த மூப்பர்களுக்குத் தோட்டத்து முதலாளி விசுவாசியாகத் தெரிந்தான். அந்த மேசையில் ஒரு அடிமை மூப்பராக உட்கார்ந்திருந்தால் பேச்சு அப்படிப் போயிருக்குமா?

நம்ம பக்கம் வருவோம். இதே ஸ்காட்லாந்து மிஷனின் ஜான் ஆண்டர்சன் சென்னையில் 1837இல் தொடங்கிய பள்ளி, பின்னாளில் கிறிஸ்தவக் கல்லூரியானது. 1838இல் அங்கே பறையர் வீட்டுப் பையன்கள் படிப்பது தெரிந்ததும் மேல்சாதிப் பிள்ளைகள் கொதித்தார்கள். அவர்களை அனுப்பு, இல்லாவிட்டால் நாங்கள் போகிறோம். ஆண்டர்சன் பணியவில்லை. கூட்டமாக வெளியேறினார்கள். அவர் பையன்களை அனுப்பவில்லை. 1890களில் செங்கல்பட்டில் ஆடம் ஆண்ட்ரூ, பறையர்களுக்கு நிலம் வேண்டும் என்று மல்லுக்கட்டி, மெல்ரோசாபுரத்தில் குடியேற்றம் அமைத்தார். பெரிய காரியங்கள்தான், மறைக்கவேண்டியதில்லை. ஆனால் படிப்பும் நிலமும் துரை கொடுத்து நாம் வாங்கியவை. கொடுக்கிற கையும் வாங்குகிற கையும் ஒரே மட்டத்தில் இருக்காது. மூப்பர் பதவி கொடை அல்ல, உரிமை. அந்தச் சபை தன் பேரிலேயே எழுதிவைத்திருக்கிற உரிமை. பெண்களுக்கு அதை ஸ்காட்லாந்து சபை எப்போது தந்தது தெரியுமா? 1966இல். சீர்திருத்தம் வந்தது 1560இல்!

1908இல் இங்கிருந்த பிரெஸ்பிட்டேரியன் சபைகள் தென்னிந்திய ஐக்கிய சபையிலும், 1947இல் அது தென்னிந்தியத் திருச்சபையிலும் கலந்தன. பேராயர் வந்தாச்சு. 'பிரெஸ்பிட்டர்' என்ற சொல் போதகரின் பட்டமாக மிஞ்சியது. ஜனங்களில் பெரும்பாலோர் சேரிக்காரர்கள். கமிட்டித் தேர்தல், வாக்காளர் பட்டியல் எல்லாம் இருக்கு. இருந்தும் பல இடங்களில் பெட்டிச் சாவி எந்தத் தெருவில் தொங்குகிறது? நம்ம ஆள் ஒருத்தன் செயலாளர் பதவிக்கு நின்றால், 'சபைக்குள்ள சாதியக் கொண்டுவராதீங்க' என்கிறார்கள். சாவி அவர்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தொங்கியபோது அது சாதியாகத் தெரியவில்லை. ஆக்டெரார்டரில் 287 பேர் வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். நம்ம சபைகளில் நமக்கு அதைவிடத் தலைக்கட்டு அதிகம். அடுத்த தேர்தல் அறிவிப்பு வரும்போது மனுவோடு நிற்கப்போவது எத்தனை பேர்?