வாலி வழக்கும் கணினி விளையாட்டும்

கணினி விளையாட்டில் ஒரு கதைமாந்தர் ஏன் கோபித்துக்கொண்டார் என்று சிவகாசிப் பிள்ளைகள் மணிக்கணக்கில் வாதாடினால், வெட்டிவேலை என்கிறோம். 2023இல் வந்த 'பால்டர்ஸ் கேட் 3'இல் அகதிகள் ஒண்டியிருக்கும் தோப்பைச் சூறையாடத் துணைபோனால், வில், கார்லாக் என்னும் இரு தோழர்களை இழக்க வேண்டியதுதான். இணையத்தில் நால்வர் சேர்ந்து ஆடும்போது முடிவெடுப்பவர் ஒருவர், பழி எல்லோருக்கும். சண்டை வராமலா இருக்கும்? வாலியை ராமன் மறைந்து நின்று கொன்றது சரியா என்று பட்டிமன்ற மேடைகளில் விடிய விடிய வழக்காடியவர்கள்தானே நாம்?

ஆடியதை அழித்து மறுபடி ஆடலாமே, அதில் என்ன அறம் என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மாற்றி ஆடுபவருக்கே இரு வழிகளின் விளைவும் தெரிகிறது. வாலி வழக்கில் நமக்கு அந்த வசதி இல்லை. தோழர் விலகியதற்குப் போதிய காரணம் கதையில் இல்லை என்று ஒரு பையன் குறைசொன்னால், அவன் பாத்திரப் படைப்பைத்தான் எடைபோடுகிறான். தமிழ் வகுப்பில் இதற்கு மதிப்பெண் உண்டு.